தூண்டிலுக்கு ஒரு ஷாக் அப்சார்பர்!

ஸ்லிப்பில் நிற்கிறீர்கள். பந்து விர்ரென்று வருகிறது. கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? ஒன்று, பந்து கையில் பட்டுத் தெறித்து ஓடும். அல்லது விரல் வீங்கி, திங்கட்கிழமை ஆபீசில் இடது கையால் கையெழுத்துப் போடவேண்டி வரும். விவரம் தெரிந்தவன் அப்படி நிற்க மாட்டான். பந்து பட்ட மாத்திரத்தில் கையைப் பந்தோடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொள்வான். பந்துக்கும் கோபமில்லை, விரலுக்கும் சேதமில்லை.

இந்த வாரம் சொல்லப்போவது இதே வித்தையைத்தான். பந்துக்குப் பதில் மீன். கைக்குப் பதில் ஒரு முழம் ரப்பர்.

‘மீன் பிடிக்கறதுல என்ன சார் விஞ்ஞானம்? குச்சி, நரம்பு, தக்கை, முள், ஒரு கொட்டாங்குச்சி மண்புழு. முடிஞ்சது கதை’ என்பீர்கள். நம்ம ஊர் ஏரிக்கரையில் அப்படித்தான். ஜிலேபிக் கெண்டை மாட்டினால் வெடுக்கென்று ஒரு சுண்டு. மீன் தலைக்கு மேல் பறந்து பின்னால் புல்லில் விழும். அரை மணியில் குழம்பு கொதிக்கும். ஆனால், இங்கிலாந்தில் கதையே வேறு.

அங்கே கால்வாய் ஓரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தீர்களானால், பத்தடிக்கு ஒருவர் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு கோல். எவ்வளவு நீளம் என்கிறீர்கள்? 11 மீட்டர், 13 மீட்டர், 16 மீட்டர் கூட உண்டு. அதாவது, நம்ம டவுன் பஸ்ஸை நிமிர்த்திக் கையில் பிடித்த மாதிரி. அந்தக் கோலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் ‘போல்’. (உவம உருபு இல்லை. தமிழய்யாக்கள் பதற வேண்டாம்.) துண்டு துண்டாகச் செருகி நீட்டிக்கொள்ளலாம். எல்லாம் கார்பன் ஃபைபர். நல்ல உசத்திக் கோல் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான பவுன். அந்தக் காசுக்கு நம்மூரில் ஒரு மீன் கடையே வைத்துவிடலாம்.

இவ்வளவும் செய்து பிடிக்கிற மீனை என்ன செய்கிறார்? எடை போடுகிறார். ஒரு போட்டோ. அப்புறம் மெள்ளத் தண்ணீரில் விட்டுவிடுகிறார். ‘போய்ட்டு வா ராசா’ என்று வழியனுப்பாத குறை. ரோச், ப்ரீம், டென்ச், கார்ப் என்று இந்த வகை மீன்களைப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவதற்காகப் பிடிப்பதில்லை.

சிரிக்காதீர்கள். கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. குழம்புக்குப் பிடிக்கிறவனுக்கு மீனின் வாய் கிழிந்தால் என்ன, கிழியாவிட்டால் என்ன? திருப்பி விடப்போகிறவனுக்குத்தான் அது கவலை.

*

முதலில் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சினிமாவில், பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தூண்டில் கோலின் அடியில் ஒரு ராட்டினம், அதாவது ரீல், இருக்கும். பெரிய மீன் இழுத்தால் ரீல் சுற்றி நரம்பை விட்டுக்கொடுக்கும். மீன் களைத்தால் சுற்றி இழுக்கலாம். பட்டம் விடுகிற மாதிரிதான். இழுத்தால் விடு, தளர்ந்தால் சுற்று.

‘போல்’ காரரிடம் ரீல் கிடையாது. கோலின் நுனியில் நரம்பு கட்டியிருக்கும், அவ்வளவுதான். கோல் 13 மீட்டர் நீளம் என்றாலும் நரம்பு தண்ணீரின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் தக்கைக்கு நேர் மேலே கோல் நுனி நிற்கும். காற்று அடித்தாலும் தக்கை நகராது. இரை சரியாக எங்கே போட வேண்டுமோ அங்கேயே நிற்கும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் நாள் பூரா இரை போட்டு மீனை அங்கேயே கூட்டி வைக்கலாம். இதெல்லாம் சௌகரியம்.

அசௌகரியம் என்னவென்றால், பெரிய மீன் மாட்டி ‘வர்றேன்’ என்று கிளம்பினால் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. நரம்பு ‘டப்’.

இது இன்று நேற்றுப் பிரச்னை இல்லை. ஐசக் வால்டன் என்ற லண்டன் வியாபாரி 1653-ல் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். தூண்டில்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட வேதம். அவருக்கும் இதே தொல்லை வந்திருக்கிறது. அவர் கண்ட வழி என்ன தெரியுமா? மீன் ரொம்பப் பெரிசாக இருந்தால், கோலையே தூக்கி மீனிடம் எறிந்துவிடுவது! ‘இழுத்துக்கிட்டுத் திரி, களைச்சதும் வந்து எடுத்துக்கறேன்’ என்கிற கதை. அவர் காலத்து மரக்கோலுக்கு அது சரி. ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்து வாங்கின கார்பன் கோலைக் குளத்தில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தம்மாவிடம் சொல்ல முடியுமா?

‘அப்ப நரம்பைத் தடியாப் போட வேண்டியதுதானே?’ நியாயமான கேள்வி. போடலாம். மீன்தான் கடிக்காது. பிடித்துப் பிடித்து விட்ட குளங்களில் மீன்கள் ரொம்பக் கெட்டிக்காரர்களாகிவிடுகின்றன. தடி நரம்பில் கட்டின புழு, தண்ணீரில் இயல்பாக மிதந்து இறங்காது; விறைப்பாக இறங்கும். மீன் கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, ‘இது நமக்குத் தெரிஞ்ச கேஸ்’ என்று போய்விடும். அதனால் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சாண் நரம்பு 0.10 மில்லி மீட்டர் கனம்தான் இருக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். சுமார் ஒரு கிலோ எடை தாங்கும். தக்கையோ பல் குத்துகிற குச்சி மாதிரி. முழுசாக மூழ்கடிக்க அரை கிராம் ஈயம் கூடத் தேவைப்படாத தக்கைகள் உண்டு.

ஆக, கேள்வி இதுதான். ஒரு கிலோவில் அறுகிற நரம்பு. மூன்று கிலோ மீன். விட்டுக்கொடுக்க ரீல் இல்லை. எப்படி?

*

ரப்பர்!

கோலின் நுனிப்பக்கத்து இரண்டு மூன்று துண்டுகள் உள்ளே குழாய் மாதிரி பொள்ளலாக இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் நாடாவை ஓட்டி, அடியில் ஒரு அடைப்பானில் கட்டிவிட்டு, நுனி வழியாக வெளியே எடுத்து, அதில் நரம்பை மாட்டினார்கள். சும்மா இருக்கும்போது நாடா கோலுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மீன் இழுத்தால் நுனியிலிருந்து நாடா வெளியே வரும். தன் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு கூட நீளும். மீன் தளர்ந்தால் தானாக உள்ளே போகும்.

ஆரம்பத்தில் நாடாவைக் கோல் நுனிக்கு வெளியே மாட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் கோலுக்குள்ளேயே விடலாமே என்று யாருக்கோ தோன்றியது. அதற்கப்புறம் இது ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது.

ரப்பர் என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ வரைக்கும் போக வேண்டாம்.

ஒரு கிலோ மீன். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல், அரை பெருக்கல் எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். ஆக 2 ஜூல். அதை நிறுத்த வேண்டுமென்றால் இந்த 2 ஜூலையும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு தூரத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

விறைப்பான நரம்பும் கோலும் சேர்ந்து 5 சென்டி மீட்டர்தான் இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 0.05-ஆல் வகுத்தால் 40 நியூட்டன். நம்ம பாஷையில் சுமார் 4 கிலோ. அதுவும் சராசரிதான், உச்சத்தில் அதைப் போல இரண்டு மடங்கு கூட வரும். ஒரு கிலோ நரம்பு என்ன செய்யும், பாவம்!

அதே மீனை 50 சென்டி மீட்டர் ரப்பர் நிறுத்தினால்? 2-ஐ 0.5-ஆல் வகுக்க 4 நியூட்டன். 400 கிராம். உச்சத்தில் இரட்டிப்பு ஆனாலும் 800 கிராம். ஒரு கிலோ நரம்பு பிழைத்துவிட்டது!

மீன் அதே மீன். வேகம் அதே வேகம். நிறுத்துகிற தூரம் பத்து மடங்கு ஆனதும் விசை பத்தில் ஒன்றாகிவிட்டது. அவசரமாக பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்கிற ஜனமெல்லாம் டிரைவர் மடியில். மெள்ளப் போட்டால் எல்லாரும் அவரவர் இடத்தில். முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் சக்கர அச்சை ரப்பர் கயிற்றால்தான் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தரையில் இறங்கும்போது விழுகிற அடியை அது வாங்கிக்கொள்ளும். மீனோ விமானமோ, ரப்பருக்கு எல்லாம் ஒன்றுதான்.

*

இழுப்புக்கும் நீட்சிக்கும் உள்ள உறவை முதலில் சொன்னவர் ராபர்ட் ஹூக். மகா கெட்டிக்காரர், மகா சந்தேகப் பிராணி. கண்டுபிடித்ததைச் சொன்னால் யாராவது தன் பேரில் போட்டுக்கொள்வானோ என்று பயம். சொல்லாமல் விட்டாலோ வேறொருவன் முந்திக்கொள்வானோ என்று பயம். என்ன செய்தார்? 1676-ல் அந்த விதியின் லத்தீன் எழுத்துகளைக் குலைத்து, அகர வரிசையில் அடுக்கி, ஒரு விடுகதை மாதிரி அச்சடித்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து 1678-ல்தான் விடையைச் சொன்னார்: ‘நீட்சி எப்படியோ, விசை அப்படி.’ இந்தக் காலத்தில் எஸ்.எம்.எஸ்ஸில் கூட இவ்வளவு ரகசியம் பண்ண மாட்டார்கள்.

ஆனால் ரப்பர் ஹூக் சொன்ன பேச்சை முழுசாகக் கேட்பதில்லை. முதல் இழுப்பில் கொஞ்சம் முறுக்கு. அப்புறம் இளகி, இழுக்க இழுக்க வருகிறது. கடைசியில், இதற்கு மேல் முடியாது என்கிற கட்டம் வந்ததும், திடீரென்று கம்பி மாதிரி விறைத்துவிடும். தூண்டில்காரர்களுக்கு இந்த மூன்றாவது கட்டம்தான் எமகண்டம். அது வரைக்கும் ஷாக் அப்சார்பராக இருந்த நாடா, அந்த நொடியிலிருந்து வெறும் கயிறு. அப்புறம் ‘டப்’தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. இப்போதே செய்து பார்க்கலாம். ஃபைல் கட்டுகிற ரப்பர் பேண்ட் ஒன்றை எடுங்கள். (மேலதிகாரி பார்க்காத நேரமாக.) மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்துச் சடாரென்று இழுங்கள். சூடாக இருக்கிறதா? அப்படியே சற்றுப் பிடித்திருந்துவிட்டுத் தளர்த்துங்கள். சில்லென்று ஆகும். இதை எழுதி வைத்தவர் ஜான் கஃப். இங்கிலாந்தில் கெண்டல் என்கிற ஊர்க்காரர். வருஷம் 1805. சின்ன வயதில் அம்மை போட்டுப் பார்வை போனவர். கண் இல்லாதவர் உதட்டால் கண்டுபிடித்தார்.

இதனால் தூண்டில்காரனுக்கு என்ன லாபம்? இழுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தைச் சூடாக விழுங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மீன் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. காரின் ஷாக் அப்சார்பர் பள்ளத்தின் அதிர்ச்சியை எண்ணெயில் சூடாக்கிக் கரைக்கிறதே, அதே வேலை.

நல்ல ரப்பர் கிடைத்ததும் ஒரு பெரிய கதை. பழைய ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் மட்டைத் தேங்காய் மாதிரி இறுகும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் அதோடு கந்தகம் கலந்து சூடாக்கினால் இரண்டு தொல்லையும் போகும் என்று கண்டுபிடித்தார். உலகத்துக்கே டயர் கிடைத்தது. அவர் 1860-ல் கடனாளியாகவே செத்துப்போனார். பிரேசிலிலிருந்து விதை 1876-ல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து, நாற்றாகி, அதே வருஷம் இலங்கைக்குக் கப்பலேறியது. இன்றைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டி வடிக்கிறார்களே, அதே மரத்தின் பால்தான் அந்த நாடாவுக்கும் மூலம்.

*

சரி, எந்த நாடாவைப் போடுவது? கடையில் போய் ‘ஒரு முழம் எலாஸ்டிக் குடுங்க’ என்றால், பாவாடைக்கா பனியனுக்கா என்று கேட்பதில்லை. ‘எத்தனாம் நம்பர்?’ என்பார்கள். நம்பர் ஏற ஏறத் தடிமன் ஏறும். 4, 5, 6 என்றால் ரோச் மாதிரிச் சின்ன மீனுக்கு. 8, 10 என்றால் ப்ரீம், டென்ச். 14-க்கு மேலே 20 வரை கார்ப் எனும் பயில்வான்களுக்கு. உள்ளே துவாரம் உள்ள நாடாவும் உண்டு. அது இன்னும் மென்மையாக, இன்னும் நெடுந்தூரம் நீளும். ஒரு கம்பெனியின் 8-ம் நம்பரும் இன்னொரு கம்பெனியின் 8-ம் நம்பரும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். (ரெடிமேட் சட்டை சைஸ் மாதிரிதான்.)

விதி ஒன்றே ஒன்று. நாடா வேலை செய்கிற தூரம் முழுக்க அதன் இழுவிசை, கடைசிச் சாண் நரம்பு அறுகிற விசையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நாடா ஒன்றரைக் கிலோவுக்கு இழுத்து, நரம்பு ஒரு கிலோவில் அறுந்தால், ஷாக் அப்சார்பர் வேலை செய்வதற்குள் வண்டி கவிழ்ந்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்துவதிலும் பக்குவம் உண்டு. கோலின் நுனியை அளவாக வெட்டி, அதில் டெஃப்லான் புஷ் ஒன்றைச் செருக வேண்டும். தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே வழவழ சரக்கு. அது இல்லாவிட்டால் வெட்டின கார்பன் விளிம்பு ரம்பம் மாதிரி நாடாவை அறுத்துவிடும். நாடாவை உள்ளே ஓட்டி, நுனியில் நரம்பு மாட்டுகிற கொக்கி, அடியில் அடைப்பான். இழுத்து விட்டால் கொக்கி ‘சடக்’கென்று நுனிக்குத் திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கினால் தளர்ச்சி அதிகம். ரொம்ப முறுக்கி வைத்தால், சின்ன மீனுக்கு நாடா அசையவே அசையாது.

ரப்பருக்கு மூன்று பகைவர்கள்: வெயில், மண், வயசு. (மனுஷனுக்கும் அதேதான்.) நுனியில் அழுக்குச் சேர்ந்தால் கழுவ வேண்டும். வழுக்குவதற்கென்று விற்கிற திரவம் இரண்டு சொட்டு விட வேண்டும். ஒரு இடத்தில் சின்னக் கீறல் தெரிந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். கீறல் உள்ள நாடா அறுவதற்கு நேரம் காலம் பார்க்காது. வருஷத்திலேயே பெரிய மீன் மாட்டுகிற அன்றைக்குத்தான் பார்த்து அறும்.

‘நான் ரீல் போட்ட தூண்டில்காரன், எனக்கு எதுக்கு?’ என்கிறவர்களுக்கும் ஒரு உருப்படி இருக்கிறது. முக்கிய நரம்புக்கும் கடைசி நரம்புக்கும் நடுவில் ஒரு சாண் ரப்பர் துண்டு. நீளாத பின்னல் நூல் போடுகிறவர்களுக்கு இது ரொம்ப உபகாரம். தக்கைத் தூண்டிலில் கோலின் நுனி மென்மையாக வளைந்து கொடுத்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நுனி விறைப்பென்றால் ரப்பர் துண்டு கைகொடுக்கும்.

*

இந்தச் சமாசாரத்தை லேசாக நினைக்காதீர்கள். இதற்கு 1957-லிருந்து உலகச் சாம்பியன் போட்டி நடக்கிறது. இங்கிலாந்தின் பாப் நட் 1990, 1991, 1994, 1999 என்று நாலு தடவை உலகச் சாம்பியன். அதே நாட்டின் ஆலன் ஸ்காட்தார்ன் 1996, 1997, 1998 என்று ஹாட்ரிக் அடித்துவிட்டு, 2003, 2007-லும் ஜெயித்தார். மொத்தம் ஐந்து. போட்டியில் எடைதான் கணக்கு. நரம்பு அறுந்து போன மீனுக்குப் பாதி மார்க் எல்லாம் கிடையாது.

ஆனால் அறுந்த நரம்பின் நிஜமான விலையைக் கொடுப்பது சாம்பியன் இல்லை. மீன்தான்.

யோசித்துப் பாருங்கள். நரம்பு அறுகிறது. தூண்டில்காரன் ‘ச்சே’ என்று தொடையில் தட்டிக்கொண்டு வேறு முள் கட்டிக்கொள்கிறான். மீன்? வாயில் முள்ளோடும், முள்ளில் தொங்குகிற நரம்போடும் போகிறது. நரம்பு ஏதாவது கொடியில் சுற்றிக்கொண்டால் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி. வலிக்குமா, வலிக்காதா என்று ரொம்ப நாளாகச் சண்டை. எடின்பரோ பக்கத்தில் ராஸ்லின் என்கிற ஆராய்ச்சி நிலையம். 1996-ல் டாலி ஆடு பிறந்த அதே இடம். அங்கே 2003-ல் லின் ஸ்னெட்டன் என்கிற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் ட்ரவுட் மீனின் தலையிலும் வாயைச் சுற்றியும், காயத்தை உணர்ந்து சேதி அனுப்புகிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். ‘சேதி போகிறது என்பது சரி, அதை மீன் வலி என்று உணர்கிறதா?’ என்று மறுத்துப் பேசுகிற விஞ்ஞானிகளும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. முடிகிற வரைக்கும், சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுப்பதுதானே மரியாதை?

இங்கேதான் நாடா நம்பர் தர்மசங்கடமாகிறது. நாடா ரொம்பத் தடியாக இருந்தால் நரம்பு அறும், அல்லது மென்மையான உதடு கிழிந்து முள் பிய்த்துக்கொண்டு வரும். ‘அப்படியானா ரொம்ப மெல்லிசா போட்டுடறேன்’ என்றால் அதுவும் பாவம்தான். மீன் குளம் பூராவும் இழுத்துக்கொண்டு ஓடும். கால் மணி, அரை மணி என்று போராடி, கரைக்கு வரும்போது நம்ம மாரத்தான் ஓட்டக்காரர் மாதிரி துவண்டு கிடக்கும். திருப்பி விட்டால் நிமிர்ந்து நீந்தக் கூடத் தெம்பிருக்காது. வெயில் காலத்தில், தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது, அப்படி விட்ட மீன் பிழைப்பது சந்தேகம்தான். நல்ல மனசோடு மெல்லிய நாடா போட்டவன் மீனைக் கொன்றான் என்று ஆகிவிடும்.

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கோலின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. நாடாவை அதன் வழியாகக் கையால் இழுத்துச் சுருக்கிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்துக்கு மெல்லிசாக விட்டுக்கொடுத்து, அது தணிந்ததும் நாடாவை இழுத்துக் குறுக்கி, சீக்கிரமே வலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆரம்பத்தில் மாப்பிள்ளை முறுக்குக்கு இடம் கொடுத்து, அப்புறம் வழிக்குக் கொண்டு வருகிற மாமனார் டெக்னிக்.

*

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இது தமாஷ் இல்லை.

கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். 13 மீட்டர் கார்பன் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கரண்ட் கம்பிக்குக் கீழே நடந்தால், கம்பியைத் தொடக்கூட வேண்டாம். உயர் அழுத்தக் கம்பி என்றால் பக்கத்தில் போனாலே தாவிவிடும். இப்படி உயிரை விட்டவர்கள் உண்டு. மேலே போகிற கம்பியிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி உட்காருங்கள் என்று பிரிட்டனில் மின் துறையினர் சொல்கிறார்கள். இடி மின்னல் வந்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் புத்தி. மீன் நாளைக்கும் வரும்.

அபாயம் இன்னொன்றும் இருக்கிறது, ஆனால் அது தூண்டில்காரனுக்கு இல்லை. மீன் மாட்டியதும் அவர் இந்த நீளக் கோலைப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளி, துண்டைக் கழற்றி, நுனிப்பகுதியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வார். கால்வாய்க்கரைப் பாதையில் அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். கோல் ரயில்வே கேட் மாதிரி குறுக்கே வந்து நிற்கும். அப்புறம் நடக்கிற சம்பாஷணையை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரை இந்தத் தூண்டில்களுக்கு லீவு. மீன்களுக்கு அது கல்யாண சீஸன். தொந்தரவு பண்ணக் கூடாது என்று சட்டம். அந்த மூன்று மாதமும் நம்ம ஆள் வீட்டில் உட்கார்ந்து நாடாவை மாற்றிக்கொண்டு, புஷ்ஷைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜூன் 16 விடிகாலையில் ஆற்றங்கரையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கூட்டம், ரஜினி படத்து முதல் ஷோவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. 15-ம் தேதியும் லீவுதான் என்பது சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு நள்ளிரவுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

அப்படிப் போய் நாள் பூரா உட்கார்ந்து, சாயங்காலம் வீடு திரும்புகிறார். உடம்பெல்லாம் சேறு. முகமெல்லாம் சந்தோஷம்.

‘‘இன்னிக்கு என்ன கிடைச்சுது?’’ என்கிறார் வீட்டம்மா.

‘‘அஞ்சு கிலோ ப்ரீம்! ஒண்ணு கூட அறுந்து போகலை!’’

‘‘அட! எங்கே வெச்சிருக்கீங்க?’’

‘‘ஆத்துலதான்.’’